கிறிஸ்தவ வாக்காளரும் கட்சித் தெரிவும்: கார்ல் பார்த்தின் 1946ஆம் ஆண்டுக் கட்டுரை பற்றி ஒரு திறனாய்வு

தேர்தல் நெருங்கும்போதெல்லாம் சபைக் குருமாரை நோக்கி வரும் வினா ஒன்று உண்டு. "ஐயா, இம்முறை நாம் எந்தக் கட்சிக்கு வாக்களிக்கலாம்?" ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நிற்கும் குருவானவரிடம் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் இவ்வினாவிற்கு நம்மிடையே வழக்கமான விடைகள் இரண்டு. அரசியல் உலகத்திற்குரியது, ஜெபித்துவிட்டு மனச்சாட்சியின்படி செய்யுங்கள் என்பது ஒன்று. நம் ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் எந்தக் கட்சி பாதுகாப்பளிக்குமோ அதற்கு வாக்களியுங்கள் என்பது மற்றொன்று. முன்னது பக்தியாகவும் பின்னது விவேகமாகவும் தோன்றும். ஆயினும் ஒன்றில் இரண்டும் ஒத்தவை: நற்செய்திக்கும் வாக்குச் சீட்டிற்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை.

இவ்விரு விடைகளையும் மறுத்து மூன்றாவது ஒன்றைத் தேடிய கட்டுரை, 'கிறிஸ்தவச் சமூகமும் குடிமைச் சமூகமும்' என்னும் பொருளில் கார்ல் பார்த் 1946ஆம் ஆண்டு எழுதியது. பார்த்தின் பெயர் நம் இறையியல் கல்லூரிகளில் வழங்கும் அளவிற்கு இக்கட்டுரை வழங்குவதில்லை என்றே தோன்றுகிறது. போரில் அழிந்து கிடந்த ஜெர்மனியில் அவ்வாண்டுக் கோடையில் பல நகரங்களில் சொற்பொழிவாக அளிக்கப்பட்டு நூலுருப் பெற்றது இது. 1934ஆம் ஆண்டு மே மாதம் பார்மென் நகரில் கூடிய மாமன்றம் வெளியிட்ட அறிக்கையின் ஐந்தாம் கூற்று, அரசின் பணியையும் அதன் எல்லையையும் பற்றிப் பேசுகிறது. அக்கூற்றின் விரிவுரை என்றே இக்கட்டுரையைக் கூறலாம்.

பார்த்தின் வாதம் ஒரு வரைபடத்தில் அடங்கும். ஒரே மையத்தைக் கொண்ட இரு வட்டங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். உள்வட்டம் திருச்சபை, வெளிவட்டம் குடிமைச் சமூகம், மையம் கிறிஸ்துவும் அவர் அறிவிக்கும் இறையரசும். வெளிவட்டத்திற்கு விசுவாச அறிக்கை இல்லை. அங்கு ஜெபமும் இல்லை. ஆயினும் அது அறியாமலே அம்மையத்தைச் சுற்றியே நிற்கிறது. எனவே அரசு இறையரசாக முடியாது; ஆனால் இறையரசின் சாயலை, ஓர் உவமையை, தன்னில் தாங்க இயலும். திருச்சபை ஓர் அரசியல் திட்டத்தை எழுதித் தர வேண்டியதில்லை. அச்சாயல் எத்திசையில் உள்ளது எனக் காட்டினால் போதும். உரோமர் 13ஆம் அதிகாரத்தின் கீழ்ப்படிதலையும் பார்த் இப்படியே பொருள் கொள்கிறார். குனிந்து நிற்பதன்று அங்கே கேட்கப்படுவது; அரசின் பொறுப்பில் பங்கேற்பதே கேட்கப்படுகிறது. பவுலின் அவ்வதிகாரத்தை அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட நற்சான்றாகவே வாசித்துப் பழகிய நமக்கு இந்த விளக்கம் ஒன்றே இக்கட்டுரையை எடுத்துப் படிக்கப் போதிய காரணமாகும்.

சாயல்களுக்குப் பார்த் தரும் எடுத்துக்காட்டுகள் பல. கடவுள் மனிதரானதால், கொள்கைகளைக் காட்டிலும் மனிதரே முதன்மையானவர். மனுமகன் இழந்துபோனதைத் தேடி வந்ததால், திருச்சபை சமூகத்தின் கீழ்ப்படியில் இருப்போர் பக்கம் நிற்கும். கடவுள் மனிதரை நீதிமான்களாக்குவதால், சட்டத்தின் ஆட்சியே விரும்பத்தக்கது. வரங்கள் பலவாதலால், அதிகாரங்கள் ஒரே கையில் குவிதல் தகாது. கிறிஸ்துவில் ஒளி வெளிப்பட்டதால், இரகசிய அரசியல் ஆகாது.

இறுதி எடுத்துக்காட்டில் நாம் சற்றுத் தயங்குகிறோம். மாற்கு நற்செய்தியில் இயேசு தாம் மேசியா என்பதை வெளியே சொல்லக்கூடாதெனச் சீடருக்குக் கட்டளையிடுகிறாரே! அதிலிருந்து இரகசிய இராஜதந்திரத்தை ஒருவர் வருவித்தால் பார்த் என்ன மறுமொழி கூறுவார்? ஒரே இராஜா என்னும் அறிக்கையிலிருந்து முடியாட்சியை வருவித்தவர்கள் திருச்சபை வரலாற்றில் குறைவானவர்களா? இக்குறை பார்த்தின் விமர்சகர் பலராலும் சுட்டப்பட்டதே. விரும்பிய முடிவை முன்னரே அறிந்துகொண்டு, பின்னர் அதற்கேற்ற கோட்பாட்டைத் தேடுவதுபோல் இப்பகுதி அமைந்துவிட்டது. முடிவுகள் நல்லவை, அவற்றை அடைந்த பாதைதான் உறுதியற்றது. எனினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. பட்டியலில் உள்ளவை அனைத்தும் ஒரே எடையுடையவை அல்ல. மனுமகன் இழந்துபோனோரைத் தேடுவது நற்செய்தியின் ஓரத்தில் உள்ள குறிப்பன்று, அது நற்செய்தியேயாகும். அதினின்று கிடைக்கும் திசைக்கும், வரங்களின் பன்மையிலிருந்து அதிகாரப் பிரிவினையை வருவிப்பதற்கும் இடையே பெரும் தொலைவு உண்டு. இவற்றைப் பார்த் தரம் பிரித்திருந்தால் வாக்காளருக்கு உதவியாக இருந்திருக்கும்.

கட்சி பற்றிய பகுதியே கட்டுரையின் கூர்மை. அரசியல் வாழ்வில் கட்சிகளே ஐயத்திற்குரிய தோற்றங்கள் என்பது பார்த்தின் எண்ணம். அவற்றுள் ஒன்றிற்குக் 'கிறிஸ்தவ' என்னும் அடைமொழி சூட்டுவதை அவர் முற்றிலும் மறுக்கிறார். காரணங்கள் எளியவை, ஆனால் வலியவை. ஒரு கட்சி கிறிஸ்தவக் கட்சியானால் பிற கட்சிகளில் உள்ள கிறிஸ்தவர்கள் யார்? பெரும்பான்மை பெறுவதற்கு அக்கட்சி நற்செய்தியை அடக்கி வாசிக்க வேண்டியிருக்கும். சிலுவையும் கிருபையும் தேர்தல் மேடைக்கு இடையூறாகவே அமையும். இறுதியில் கட்சியின் தவறுகள் யாவும் கிறிஸ்துவின் பெயரில் எழுதப்படும். எனவே அரசியல் களத்தில் கிறிஸ்தவர்கள் பெயரற்றவர்களாகவே, அடைமொழியின்றியே, பல கட்சிகளிலும் பணியாற்றலாம் என்கிறார். திருச்சபையின் அரசியல் பங்கு, அது முழு நற்செய்தியையும் அறிவிப்பதில் அடங்கியுள்ளது என்றும் கூறுகிறார்.

இதனை வெறும் ஏட்டுக் கருத்தாகப் பார்த் எழுதவில்லை. அவர் எதைக் கண்டபின் எழுதினார் என்பதை நினைவுகூர்வது நலம். 1930ஆம் ஆண்டு செப்டம்பர் தேர்தலில் நாசிக் கட்சி 18.3 விழுக்காடு வாக்குகளுடன் 107 இடங்களைப் பெற்றது. 1932 ஜூலையில் 37 விழுக்காட்டிற்கும் மேலாக, 230 இடங்கள். 1933 மார்ச் 5ஆம் நாள் 43.9 விழுக்காடு. இவ்வாக்குகள் எங்கிருந்து வந்தன? ஜெர்மன் தேர்தல்களை மாவட்டம் மாவட்டமாக ஆராய்ந்த யூர்கன் ஃபால்டர் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூலின் முடிவு நமக்குத் தலைகுனிவைத் தருவது. வர்க்கமோ தொழிலோ அல்ல, சமயப் பிரிவே வாக்கை மிகுதியும் தீர்மானித்தது. கத்தோலிக்கர் மிகுந்த பகுதிகளில் அக்கட்சி தேங்கியது. புராட்டஸ்டண்டுப் பகுதிகளில் வளர்ந்தது. 1932ஆம் ஆண்டில் கத்தோலிக்க வாக்காளரைக் காட்டிலும் புராட்டஸ்டண்டு வாக்காளர் நாசிக் கட்சிக்கு வாக்களிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. சீர்திருத்தத்தின் தாயகத்தில், லூத்தரின் வேதாகமத்தை வாசித்த இல்லங்களில், இது நடந்தது.

இதற்குக் காரணங்கள் பல. 1918ஆம் ஆண்டு முடியாட்சி வீழ்ந்தபோது, அரசரையே தலைமைப் பேராயராகக் கொண்டிருந்த புராட்டஸ்டண்டுச் சபைகள் தம் காவலரை இழந்தன. குடியரசை அவை தம் வீடாக என்றுமே கருதவில்லை. குருமாரில் பெரும்பாலோர் தேசியவாத வலதுசாரிக் கட்சியை நாடினர். கடவுளற்ற பொதுவுடைமையினர் பற்றிய அச்சமும், நாட்டிற்கு நேர்ந்த அவமானம் பற்றிய கோபமும் மேடையிலிருந்தும் பீடத்திலிருந்தும் ஒருங்கே ஒலித்தன. நாசிக் கட்சியோ தன் 1920ஆம் ஆண்டுத் திட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே 'ஆக்கபூர்வமான கிறிஸ்தவம்' என்னும் சொற்றொடரைச் சேர்த்து வைத்திருந்தது. அதே பிரிவு யூத உணர்வை எதிர்ப்பதாகவும் அறிவித்தது. முதற்பாதியை வாசித்து மகிழ்ந்தவர்கள் மறுபாதியைப் பொருட்படுத்தவில்லை.

1933 மார்ச் 21ஆம் நாள் புதிய நாடாளுமன்றத் தொடக்கத்தை முன்னிட்டுப் போட்ஸ்டாம் நகரின் நிக்கோலாய் ஆலயத்தில் ஓட்டோ டிபேலியுஸ் அருளுரை ஆற்றினார். உரோமர் 8:31 அவர் எடுத்த வசனம். 1914ஆம் ஆண்டு போர்த் தொடக்கத்திலும் நாடாளுமன்ற வழிபாட்டில் அதே வசனம்தான் எடுக்கப்பட்டது. பின்னர் இதே டிபேலியுஸ் அறிக்கைச் சபையில் சேர்ந்தார் என்பதையும் நேர்மையுடன் குறிப்பிட வேண்டும். தனியொருவரைக் குற்றஞ்சாட்டுவது நம் நோக்கமன்று. தம் வாக்கை விசுவாசத்தோடு இணைத்துக்கொண்டதாக மனமார நம்பிய ஒரு சமூகத்தைத்தான் இங்குக் காண்கிறோம். அவர்களுக்கு விசுவாசம் இல்லாமற் போகவில்லை. அவ்விசுவாசத்திற்கு எதிரே நாட்டையும் இனத்தையும் பற்றிய வேறொரு செய்தி எழுந்தபோது இரண்டையும் பிரித்தறிய அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை. பார்மென் அறிக்கையின் முதற் கூற்று, கிறிஸ்துவே கடவுளின் ஒரே வார்த்தை என வலியுறுத்தியதன் பின்னணி இதுவே.

இங்கேதான் பார்த்தோடு நாம் முரண்பட வேண்டியுள்ளது. கத்தோலிக்க வாக்காளர் ஏன் உறுதியாக நின்றனர்? அவர்களுடைய இறையியல் சிறந்தது என்பதாலா? அவர்களுக்கென மையக் கட்சி என்னும் சொந்தக் கட்சி இருந்தது. அதனைச் சுற்றித் தொழிற்சங்கங்களும் செய்தித்தாள்களும் இளைஞர் மன்றங்களும் இருந்தன. 1930ஆம் ஆண்டு முதல் பல மறைமாவட்டங்களில் கத்தோலிக்க ஆயர்கள் நாசிக் கட்சியில் சேரலாகாது என எச்சரித்தும் இருந்தனர். பார்த் எதைத் தீமை என்றாரோ, அதுவே, அதாவது சமய அடிப்படையில் அமைந்த கட்சியே, தேர்தல் நாளில் தடுப்புச் சுவராக நின்றது. புராட்டஸ்டண்டுகளிடையே 1929ஆம் ஆண்டு தோன்றிய கிறிஸ்தவச் சமூக மக்கள் பணி என்னும் சிறு கட்சியோ 1930இல் 14 இடங்களைப் பெற்று விரைவில் தேய்ந்தது. பெருந்திரளான புராட்டஸ்டண்டு வாக்காளர் கட்டற்ற மந்தையாக இருந்தனர். உரத்த குரல் அவர்களை இழுத்துச் சென்றது. இந்த உண்மையைப் பார்த்தின் கட்டுரை எதிர்கொள்ளவேயில்லை. அடைமொழியின்றி, பெயரற்றவராய் நில்லுங்கள் என்பது வலிமையான உள்ளங்களுக்கு ஏற்ற அறிவுரை. சங்கமும் ஏடும் தோழமையும் இல்லாத ஒரு கிராமத்து விசுவாசி தனியே நின்று அவ்வுறுதியை எங்கிருந்து பெறுவார்?

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மார்ச் 23ஆம் நாள் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் முழு அதிகாரத்தையும் வழங்கும் மசோதா வாக்கெடுப்பிற்கு வந்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர்கள் முன்னரே வெளியேற்றப்பட்டிருந்தனர். மையக் கட்சி ஆதரவாக வாக்களித்தது. அதன் தலைவர் லுட்விக் காஸ் ஒரு குருவானவர். அன்றைய உரையில் ஹிட்லர் திருச்சபைகளின் உரிமைகளுக்கும் கிறிஸ்தவப் பள்ளிகளுக்கும் உறுதிமொழி அளித்திருந்தார். புராட்டஸ்டண்டுச் சிறு கட்சியின் நால்வரும் ஆதரவாகவே கையுயர்த்தினர். ஐந்து நாள்களில் ஆயர்கள் தம் பழைய தடைகளை விலக்கிக்கொண்டனர். ஜூலை 5ஆம் நாள் மையக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 20இல் வத்திக்கானோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

மக்கள் வாக்களித்தபோது உறுதியாய் நின்ற கட்சி, மன்றத்தில் வாக்களித்தபோது ஏன் தளர்ந்தது? அச்சுறுத்தல் இருந்தது என்பது மெய். மண்டபத்தைச் சுற்றிப் பழுப்புச் சீருடையினர் நின்றனர். அதே அச்சுறுத்தலின் கீழ்தான் 94 பேர் மறுத்தனர் என்பதும் மெய். தன் சபையைக் காப்பதற்கென எழுந்த கட்சி, சபைக்குப் பாதுகாப்பு வாக்களிக்கப்பட்டதும் எதிர்ப்பதற்குரிய காரணத்தை இழந்துவிட்டது என்பதே நம் கணிப்பு. யூதரையும் சிறையிலிடப்பட்டோரையும் காப்பது அதன் பிறப்பின் நோக்கமாக இருந்ததில்லை. ஆகவே பார்த்தின் முடிவு சரியானது. ஆனால் அதற்குரிய வலுவான சான்று அவர் காட்டிய இடத்தில் இல்லை. கிறிஸ்தவக் கட்சி நற்செய்தியை அடக்கி வாசிக்கும் என்றார். அதனினும் கொடியது, அயலாரை விலையாகக் கொடுத்துத் தன் மக்களின் பாதுகாப்பை அது வாங்கக்கூடும் என்பது.

பார்த்தின் சொந்த வாழ்க்கை அவர் கட்டுரையைவிடத் தெளிவாகப் பேசுகிறது எனத் துணிந்து கூறலாம். சாஃபென்வில் என்னும் சுவிட்சர்லாந்துக் கிராமத்தில் குருவானவராக இருக்கையில், ஆலைத் தொழிலாளரின் நிலை கண்டு 1915ஆம் ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். ஜெர்மனியில் பேராசிரியராக இருக்கையில், நாசிகள் வளர்ந்துவந்த 1931ஆம் ஆண்டு, அந்நாட்டுச் சமூக ஜனநாயகக் கட்சியிலும் உறுப்பினரானார். 1933ஆம் ஆண்டு பால் டில்லிக்கிற்கு எழுதிய மடலில் இதற்கு விளக்கம் தருகிறார். சோசலிசத்தை ஓர் உலகநோக்காகத் தாம் அறிக்கையிடவில்லை. கிறிஸ்துவைத் தவிர வேறு எதையும் அறிக்கையிட இயலாது. குறித்த ஒரு காலத்தில் குறித்த ஒரு நிலைமையில் எடுத்த நடைமுறை முடிவே அக்கட்சி உறுப்பாண்மை என்பது அதன் கருத்து. ஆயினும் உறுப்பாண்மையைக் கைவிட்டுப் பதவியைக் காத்துக்கொள்ளவும் அவர் இசையவில்லை. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற உறுதிமொழி எடுக்க மறுத்ததால் 1935ஆம் ஆண்டு பொன் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். கட்சிக்குத் தன் விசுவாசத்தைக் கொடாமல் தன் வாக்கையும் உழைப்பையும் மட்டும் கொடுப்பது எங்ஙனம் என்பதற்கு, வட்டங்களின் வரைபடத்தைக் காட்டிலும் இந்த மடலே நல்ல பாடம்.

பார்த்தின் எண்ணத்தை அரசியலில் சோதித்துப் பார்த்த ஒருவர் குஸ்டாவ் ஹைனமன். வழக்கறிஞர், அறிக்கைச் சபையினர், பார்மென் மாமன்றத்தில் பங்கேற்றவர். போருக்குப்பின் தோன்றிய கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தில் சேர்ந்து 1949ஆம் ஆண்டு உள்துறை அமைச்சரானார். அதே ஆண்டு ஜெர்மன் திருச்சபையின் மாமன்றத் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். ஆனால் அமைச்சரவையைக் கலந்துகொள்ளாமலே பிரதமர் அடெனாவர் ஜெர்மானியப் படைகளை அளிக்க முன்வந்தபோது, 1950 அக்டோபரில் பதவி விலகினார். பின்னர் கட்சியையும் விட்டார். 1952இல் அவர் தொடங்கிய புதிய கட்சி 1953ஆம் ஆண்டுத் தேர்தலில் 1.2 விழுக்காடு வாக்குகளே பெற்றது. 1957இல் சமூக ஜனநாயகக் கட்சியில் இணைந்தார். 1969 முதல் 1974 வரை குடியரசுத் தலைவர். 1958ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் தம் பழைய கட்சியினரை நோக்கிக் கிறிஸ்து மார்க்சுக்கு எதிராக மரிக்கவில்லை, நம் அனைவருக்காகவும் மரித்தார் என்னும் பொருள்படப் பேசினார். ஒரே விசுவாசம் இம்மனிதரை ஒரே கட்சியில் கட்டிவைக்கவில்லை. கட்சி மாறுவோரைக் கண்டு நகைத்துப் பழகிய நமக்கு, பதவியை நோக்கி மாறுதலும் பதவியைத் துறந்து மாறுதலும் வேறு வேறு என்பதை இவ்வரலாறு நினைவூட்டும். நேர்மைக்காக மறுபக்கத்தையும் கூற வேண்டும்: நெடுங்காலமாகப் பிரிந்து வாக்களித்த கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும் ஒரே கட்சியில் அமரச் செய்த சாதனை அந்தக் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியத்தினுடையதே. பார்த் இதை எதிர்பார்க்கவில்லை.

இவ்விவாதம் நம் நாட்டிற்கு அந்நியமானதன்று. பார்த்தின் கட்டுரைக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே, சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டா என வாதிட்டார். அடுத்த மாநாட்டில் எஸ். கே. தத்தா அதே நிலையை மேற்கொண்டார். மறுபுறம், தஞ்சைப் பகுதியைச் சார்ந்த நீதிக்கட்சித் தலைவரும் கத்தோலிக்கருமான ஏ. டி. பன்னீர்செல்வம் 1931ஆம் ஆண்டுச் சிறுபான்மையினர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டுத் தனித் தொகுதியைக் கோரினார். 1932ஆம் ஆண்டு வகுப்புவாரித் தீர்ப்பு அதனை வழங்கிற்று. விடுதலைக்குப்பின் அரசியல் நிர்ணய சபையில், கிறிஸ்தவரான எச். சி. முகர்ஜி சிறுபான்மையினர் துணைக்குழுவிற்குத் தலைமை தாங்கிய காலத்தில், சமய அடிப்படையிலான ஒதுக்கீட்டுத் தொகுதிகள் கைவிடப்பட்டன. தன் பங்கை மட்டும் கேட்கும் சமூகமாக இராமல், நாட்டின் பொது நலனில் கலந்து நிற்கும் சமூகமாக இருப்பது என்னும் தெரிவு அது. பார்த் கூறிய 'பெயரற்ற' பணியை வேறொரு பாதையில் நம்மவர் கண்டனர் எனலாம்.

ஆயினும் அத்தெரிவின் விலையை எல்லோரும் ஒரே அளவில் செலுத்தவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கிற்று. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஒதுக்கப்பட்ட தொகுதியில் அவர்கள் வேட்பாளராக நிற்க இயலாது. 'நம் சமூகத்தின் பாதுகாப்பு' என்று பொதுவில் பேசும்போது, யாருடைய பாதுகாப்பு, பள்ளி நிர்வாகத்தினுடையதா, சேரியில் வாழும் விசுவாசியினுடையதா என்று கேட்டாக வேண்டும். கட்சிகளின் அறிக்கைகளில் முன்னதற்கு உறுதிமொழிகள் கிடைப்பது எளிது.

குருமாருக்கு இதில் எவ்வளவு இடம் உண்டு? சட்டம் ஓர் எல்லையைக் காட்டுகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, வேட்பாளரோ அவரது இசைவுடன் பிறரோ சமயத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை ஊழல் நடவடிக்கை என்கிறது. இவருக்கு வாக்களிக்காவிடில் தெய்வ கோபம் வருமென வாக்காளரை நம்பச் செய்வதையும் அதே பிரிவு தடுக்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, நான்கிற்கு மூன்று என்னும் கணக்கில், வாக்காளரின் சமயத்தைச் சுட்டிக் கேட்பதும் இத்தடையில் அடங்கும் எனத் தீர்ப்பளித்தது. இறையியலாளர் சிலர் சொல்லத் தயங்குவதை நாடாளுமன்றம் சொல்லி வைத்திருக்கிறது! ஆனால் ஆமோசையும் லூக்கா நற்செய்தியையும் தேர்தல் ஆண்டில் விளக்கியுரைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூலி, நிலம், குடிநீர், சிறையிலிருப்போர், வேற்றுச் சமயத்தார் ஆகியோரைப் பற்றித் திருமறை கேட்கும் கேள்விகளைச் சபையார் ஒன்றுகூடிக் கேட்டு, கட்சிகளின் செயல்களை அவற்றால் அளந்து பார்க்கலாம். அவ்வாறு கூடிப் பேசும் குழுக்களே, பார்த் மறந்துவிட்ட அந்தத் தோழமையை விசுவாசிக்கு அளிக்கும். ஒரே வேதப்பாடக் குழுவிலிருந்து இருவர் இரு வேறு கட்சிகளுக்கு வாக்களிக்கச் செல்வதும் நேரிடலாம். காரணத்தை ஒருவருக்கொருவர் சொல்லக்கூடுமானால் அதில் குறையொன்றுமில்லை.

பார்த் தம் கட்டுரையின் இறுதிப் பகுதியில் இன்னொன்றையும் கூறுகிறார். திருச்சபை அரசுக்குக் கற்பிக்க விரும்பும் ஒழுங்கு முதலில் அதன் சொந்த நிர்வாகத்தில் காணப்பட வேண்டும் என்பது அது. இறுதியில் வைத்ததை அவர் முதலில் வைத்திருக்கலாம். 1933 ஜூலை 23ஆம் நாள் ஜெர்மன் புராட்டஸ்டண்டுச் சபைகளில் நடந்தது அரசியல் தேர்தலன்று, சபைத் தேர்தல். முந்தைய நாள் இரவு ஹிட்லரே வானொலியில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்' அணிக்கு ஆதரவு கேட்டார்; அவ்வணி ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இடங்களைக் கைப்பற்றிற்று. வாக்களித்தவர்கள் ஞானஸ்நானம் பெற்ற சபையார். நம் சேகரக் குழுக்களுக்கும் பேராய மன்றங்களுக்கும் தேர்தல் நடைபெறும் முறையை, சாதி அணிகளும் விருந்துகளும் வழக்குகளும் அங்கு வகிக்கும் இடத்தை, அறியாத வாசகர் எவரும் இவ்விதழுக்கு இல்லை. பொதுத் தேர்தலில் எக்கட்சிக்கு வாக்களிப்பது என்று வாசலில் கேட்கும் அதே விசுவாசி, இவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.